பழைய ஈயப் படைவீரர் பொம்மைகளை வைக்கும் முறை

லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் அறிமுகப்படுத்திய, உள்ளீடற்ற ஈய வார்ப்புப் படைவீரர் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள், அவற்றை ஓக் மர அலமாரியில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அம்மரம் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய அலமாரிக்குள் தேங்கி ஈயத்தை அரிப்பதால், வண்ணப்பூச்சின் அடியிலிருந்து ஈயக் கார்பனேட் வெண்தூளாகக் கிளம்பும். அப்படித் தூளாகிப்போன உலோகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. கண்ணாடியாலும் உலோகத்தாலும் ஆன, ஈரமற்ற, சற்றே காற்றோட்டமுள்ள பேழையே நல்லது. அசல் அட்டைப்பெட்டிக்கும் சேகரிப்பாளரிடையே தனி மதிப்பு உண்டு என்பதால், அதனை எறிந்துவிடாமல் தனியே பாதுகாக்க வேண்டும்.

வண்ணம் உதிர்ந்திருந்தாலும் மீண்டும் பூச வேண்டாம். தொழிற்சாலையின் மூலப்பூச்சுதான் பொம்மையின் வரலாற்றுச் சான்று. ஈயம் நச்சுப்பொருள் ஆதலால், தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், குழந்தைகளுக்கு விளையாடப் பிளாஸ்டிக் வீரர்களை மட்டுமே கொடுப்பதும் கட்டாயம்.