ஈஸ்ட் எந்தச் சர்க்கரையை உள்ளே விடும்? ஐந்து பலூன் சோதனை

ஈஸ்ட் செல்லின் வாசலை நாம் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் எந்தச் சர்க்கரைக்கு அங்கே அனுமதி என்பதைப் பலூன் சொல்லிவிடும். சர்க்கரையைத் தின்றால் ஈஸ்ட் கார்பன் டை ஆக்சைடு வாயு விடும், அது பலூனை ஊதும்.

ஐந்து அரை லிட்டர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் (35 டிகிரி போதும்), 3 கிராம் உலர் ஈஸ்ட். நான்கில் முறையே குளுக்கோஸ், சாதாரணச் சர்க்கரை, மால்டோஸ் (முளைகட்டிய தானியத்தில் வரும் சர்க்கரை), லாக்டோஸ் (பால் சர்க்கரை), தலா 10 கிராம். ஐந்தாவதில் எதுவும் வேண்டாம். ஈஸ்ட் தன் சேமிப்பைக் கரைத்தே கொஞ்சம் வாயு விடும், அதைக் கழித்துப் பார்க்கத்தான் இந்த ஐந்தாவது பாட்டில். பாட்டில்களின் வாயில் பலூனை மாட்டுங்கள், மூடி போட்டு இறுக்காதீர்கள். கரண்டியை ஒவ்வொரு முறையும் கழுவித் துடையுங்கள். முதல் தடவை குளுக்கோஸ் ஒட்டிய கரண்டியாலேயே லாக்டோஸை அள்ளினேன். அந்தப் பலூனும் லேசாக எழும்ப, ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன்.

குளுக்கோஸும் சாதாரணச் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஊதும். செல் சவ்வு கொழுப்பால் ஆனது, தண்ணீரோடு ஒட்டும் சர்க்கரை அதில் நுழையாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வழி. வெளியே குளுக்கோஸ் அதிகம், உள்ளே குறைவு. சரிவில் உருள்வதுபோல் செலவில்லாமல் போய்விடும். இந்த வழிகள் ஒன்றிரண்டல்ல. குளுக்கோஸ் நுழைவதை முழுசாக நிறுத்த, குறைந்தது 20 மரபணுக்களை நீக்க வேண்டும் என்று 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. சாதாரணச் சர்க்கரை பெரும்பாலும் முழுசாக நுழைவதில்லை. செல்லுக்கு வெளியிலேயே இன்வர்டேஸ் நொதி அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் வெட்டிவிடுகிறது.

மால்டோஸ்தான் எனக்குப் பிடித்த பாட்டில். அது முழுசாக, கூடவே ஒரு புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) இழுத்துக்கொண்டு நுழைகிறது. அந்தப் புரோட்டானை வெளியே தள்ள ஒரு ஏடிபி (செல்லின் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு) செலவு. அதனால் மால்டோஸை உள்ளே விடும் புரதத்தை, அதாவது இந்தக் கதவை, ஈஸ்ட் சும்மா செய்து வைப்பதில்லை. மால்டோஸ் இருந்து, குளுக்கோஸ் தீர்ந்திருந்தால்தான் செய்யும். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பலூன் தொங்கியே கிடந்தது. ஈஸ்ட் வகையைப் பொறுத்து இது மாறும்.

லாக்டோஸ் பலூன் சர்க்கரை போடாத ஐந்தாவது பாட்டிலின் பலூனைத் தாண்டாது. நாம் வாங்கும் ஈஸ்ட்டில் அதற்குக் கதவும் இல்லை, உள்ளே வெட்டும் நொதியும் இல்லை. இரண்டில் எது தடை என்று பலூனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஈஸ்ட் செத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அதே பாட்டிலில் கொஞ்சம் குளுக்கோஸ் போடுங்கள், எழும்பிவிடும்.

அப்புறம் ஒரு கூடுதல் வேலை. குளுக்கோஸ் பாட்டிலில் நுரை அடங்கியதும், அதிலிருந்து 50 மில்லியும் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும் மால்டோஸ் பாட்டிலிலிருந்து 50 மில்லியும் எடுங்கள். கலக்கிவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈஸ்ட் அடியிலேயே தங்கிவிடும். இரண்டையும் தனித்தனியே 150 மில்லி தண்ணீரும் 10 கிராம் மால்டோஸும் உள்ள புதுப் பாட்டில்களில் ஊற்றுங்கள். மால்டோஸுக்குப் பழகிய ஈஸ்ட்டின் பலூன்தான் முதலில் நிமிரும். அதற்குக் கதவு ஏற்கெனவே தயார்.