எஸ்பிஎம் முடித்து நர்சிங் படித்து வெளிநாடு போக: பிலிப்பைன்ஸ் தாதியரிடம் கற்க வேண்டியது

மலேசியாவில் ஐந்தாம் படிவம் முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வெளியானதும் பினாங்கில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இருந்து ஒரே கேள்விதான் வரும்: “அக்கா, நர்சிங் படிச்சா வெளிநாட்டுக்குப் போலாமா?” போகலாம். ஆனால் எந்தக் காலேஜ் என்று தேடுவதற்கு முன்னால் எந்த நாடு என்று யோசித்துவிடுங்கள். டிப்ளோமா போதுமா டிகிரி வேண்டுமா, எந்த ஆங்கிலத் தேர்வு, எத்தனை வருட அனுபவம், என்னென்ன பத்திரம் என்பதையெல்லாம் அந்த நாடுதான் தீர்மானிக்கிறது. படிப்பு முடிந்த பிறகு யோசித்தால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

இந்த விஷயத்தில் பிலிப்பைன்ஸ்காரர்களைப் பாருங்கள். நான் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது என்னோடு ஷிஃப்ட் பார்த்த பிலிப்பைன்ஸ் நர்ஸ்களில் பலர் காலேஜில் சேர்ந்த காலத்திலிருந்தே ஒரு ஃபைல் வைத்திருந்தார்கள். மார்க் பட்டியல், எந்த வார்டில் எத்தனை மணி நேரப் பயிற்சி என்ற கணக்கு, லைசென்ஸ் நகல், தடுப்பூசி அட்டை எல்லாம் அதில் இருக்கும். சிங்கப்பூரோ சவூதியோ முதல் படி, அங்கிருந்து லண்டன் அல்லது அமெரிக்கா என்ற திட்டம் ஆரம்பத்திலேயே அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், வார்டில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் திட்டம் மட்டும் டிப்ளோமா கையில் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

அவர்களுக்கு இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்கா அந்தத் தீவுகளை ஆண்ட காலத்தில், 1906-இல் இலோய்லோவில் முதல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது, பாடம் ஆங்கிலத்தில். 1948-இல் வந்த பரிமாற்றத் திட்டத்தின் வழியாக நிறையப் பேர் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் போனார்கள், 1965-இல் அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் மாறியதும் அந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. இன்று அங்கே நர்சிங் என்றால் நான்கு வருட டிகிரி. அதன்பின் அரசு நடத்தும் லைசென்ஸ் தேர்வு, ஐந்து பகுதிகள், சராசரி 75 விழுக்காடு வேண்டும், எந்தப் பகுதியிலும் 60-க்குக் கீழே போகக்கூடாது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காகத் தனி அரசுத் துறையே இருக்கிறது. அந்தத் துறையின் அனுமதிச் சான்று இல்லாமல் வேலைக்கென்று விமானம் ஏற முடியாது.

ஆனால் அவர்கள் பட்ட அடியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006 ஜூனில் அந்த லைசென்ஸ் தேர்வின் கேள்விகள் கசிந்தன. அந்தத் தேர்வில் தேறியவர்களுக்கு அமெரிக்க விசாவுக்கான சான்று கிடைக்க, கசிந்த பகுதிகளை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. நேர்மையாகப் படித்து எழுதியவர்களும் சேர்ந்தே அவதிப்பட்டார்கள். அதே காலகட்டத்தில் காலேஜ்கள் புற்றீசல் போலப் பெருகி, வேலை கிடைக்காத நர்ஸ்கள் அனுபவச் சான்றிதழுக்காகச் சம்பளமே இல்லாமல், சில இடங்களில் மருத்துவமனைக்குப் பணம் கட்டிக்கூட வேலை செய்தார்கள். எனவே எல்லோரும் போகிறார்களே என்று போகாதீர்கள், சேரும் இடத்தை அலசிப் பாருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே டிப்ளோமா மூன்று வருடம், டிகிரி நான்கு வருடம். எது படித்தாலும் அந்தப் படிப்புக்கு எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரமும் மலேசியத் தாதியர் வாரியத்தின் ஒப்புதலும் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் வாரியத்தின் தேர்வு எழுத முடியாது, தேர்வு இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் பெரும்பாலான நாடுகளுக்கு விண்ணப்பமே போட முடியாது. டிப்ளோமாவுக்கு வழக்கமாகக் கேட்பது எஸ்பிஎம்மில் ஐந்து கிரெடிட் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான கிரேடு), அதில் மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் தேவை. ஆள் பற்றாக்குறை வரும்போது இந்த விதியைத் தளர்த்துவதும் திரும்ப இறுக்குவதும் உண்டு, அதனால் சேரும் வருடத்து விதியை வாரியத்திடமே நேரடியாகக் கேளுங்கள். காலேஜ் மார்க்கெட்டிங் ஆள் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பினாங்கில் அட்வெண்டிஸ்ட், லாம் வா ஈ போன்ற மருத்துவமனைகளோடு சேர்ந்த நர்சிங் காலேஜ்கள் இருக்கின்றன. கேஎல் (கோலாலம்பூர்) பக்கம் மலாயாப் பல்கலைக்கழகம், செராஸில் யுகேஎம் பல்கலைக்கழகம், புக்கிட் ஜாலிலில் ஐஎம்யூ பல்கலைக்கழகம், பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனையோடு சேர்ந்த காலேஜ். பினாங்கில் தலைமை வளாகம் உள்ள யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் நர்சிங் வேண்டும் என்று பினாங்குப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள், அது கிளந்தானில் குபாங் கெரியான் வளாகத்தில் நடக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் இடம் கிடைத்தால் படிக்கும்போதே அலவன்ஸ் கிடைக்கும், வசதி குறைந்த குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அதோடு அரசுக்கு வேலை செய்யும் ஒப்பந்தமும் வரும். தனியார் மருத்துவமனை செலவை ஏற்றுப் படிக்க வைத்தாலும் அப்படித்தான். ஒப்பந்தம் கெட்ட விஷயம் இல்லை, எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு வெள்ளி கட்ட வேண்டும் என்பதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த வருடங்களையே அனுபவக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தனியார் காலேஜ் என்றால் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் அந்தப் படிப்புக்குக் கிடைக்குமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிப்ளோமாவா டிகிரியா என்பதுதான் பலரும் குழம்பும் இடம். மலேசிய டிப்ளோமாவோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம், வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள், பிரிட்டன் பதிவுக்கும் டிப்ளோமா தடை இல்லை. ஆஸ்திரேலியா என்றால் டிகிரிக்கு நிகரான படிப்பு வேண்டும். என் கருத்து இதுதான்: வீட்டில் முடியும் என்றால் நேராக டிகிரிக்குப் போங்கள், முடியாவிட்டால் டிப்ளோமா முடித்து வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக டிகிரி எடுங்கள். டிப்ளோமாவோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் பிலிப்பைன்ஸ், கேரளா, தமிழ்நாடு என்று எங்கிருந்தும் வந்து அதே இண்டர்வியூவில் உட்காரும் பலரிடம் நான்கு வருட டிகிரி இருக்கும்.

படிக்கும் காலத்தில் கட்டாயம் செய்ய வேண்டியது, பயிற்சி மணி நேரக் கணக்கைச் சேர்ப்பது. அமெரிக்காவுக்கான மதிப்பீட்டில் பெரியவர்களுக்கான மருத்துவம், பிரசவம், குழந்தைகள், மனநலம் என்று ஒவ்வொன்றிலும் வகுப்பில் எத்தனை மணி, வார்டில் எத்தனை மணி என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒன்றில் குறைந்தால் அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. பட்டம் வாங்கும் நாளிலேயே காலேஜிடம் முழு மார்க் பட்டியல், பாடத்திட்டம், மணி நேரக் கணக்கு மூன்றையும் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். 2010 வாக்கில் நம் நாட்டில் தனியார் நர்சிங் காலேஜ்கள் தேவைக்கு மேல் இருந்தன, அதன் பிறகு சில மூடப்பட்டன. மூடிய காலேஜின் பதிவேட்டைப் பத்து வருடம் கழித்துத் தேடி அலைவது பெரிய பாடு. எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மவர்களுக்கு இது தனித் தலைவலி: அடையாள அட்டையில் ‘அ/பெ’ என்று அப்பா பெயரோடு இருக்கும், சான்றிதழில் அது விட்டுப்போயிருக்கும், எழுத்துக்கூட்டல் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். கடப்பிதழில் உள்ளபடியே சான்றிதழிலும் வரும்படி காலேஜில் சேரும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து வந்த பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும், எழுத்துதான் இழுக்கும். பிரிட்டன் பதிவுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற பொது ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். நர்ஸ்களுக்கு ஓஇடியைத்தான் நான் சொல்வேன், காரணம் அதில் எழுதச் சொல்வது நோயாளியை வேறொருவரிடம் ஒப்படைக்கும் கடிதம், அதாவது நீங்கள் தினமும் பார்க்கும் வேலை. முதல் வருடத்திலிருந்தே வாரத்துக்கு ஒரு கடிதம், கற்பனை நோயாளியை வைத்து, எழுதிப் பழகுங்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த சீனியர் யாரிடமாவது திருத்தித் தரச் சொல்லுங்கள். மூன்று வருடம் இப்படிச் செய்தவருக்குத் தனிப் பயிற்சி வகுப்பே தேவைப்படாது. மதிப்பெண் குறிப்பிட்ட காலம்தான் செல்லும் என்பதால் தேர்வை மட்டும் விண்ணப்பம் நெருங்கும்போது எழுதுங்கள்.

பதிவு கிடைத்த கையோடு பறந்துவிட நினைக்காதீர்கள். இரண்டு வருடம் ஒரே துறையில் நில்லுங்கள்: ஐசியூ, அறுவை சிகிச்சை அறை, அவசரப் பிரிவு, டயாலிசிஸ், இவற்றில் ஒன்று கிடைத்தால் நல்லது. வளைகுடாவில் பல இடங்களில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள், அங்கே டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பில் நீங்கள் காட்டும் ஒவ்வொரு சான்றிதழையும் அது தந்த இடத்திடமே கேட்பார்கள். ஒரு மாத அனுபவத்தைக் கூட்டி எழுதினாலும் மாட்டிக்கொள்வீர்கள். சிங்கப்பூர் நமக்குப் பக்கம், நல்ல முதல் படி. அந்த அனுபவத்துக்கு இப்போது இன்னொரு மதிப்பும் கூடியிருக்கிறது: சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளில் பதிவு பெற்று 2017 முதல் 1,800 மணி நேரமாவது அங்கே வேலை பார்த்த நர்ஸ்களுக்கு ஆஸ்திரேலியா 2025-இல் சுருக்கமான வழியைத் திறந்திருக்கிறது.

பிரிட்டனுக்குக் கணினித் தேர்வு ஒன்று, அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு ஒன்று. கணினித் தேர்வுக்கு 83 பவுன், செய்முறைக்கு 794 பவுன் என்று இருந்தது, விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் அங்கே வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது, அதனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு, 200 டாலர், வெளிநாட்டில் எழுதினால் இன்னும் 150. 2007-இல் மணிலாவிலேயே மையம் திறந்தது பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் பெரிய வசதியாயிற்று. தேர்வில் தேறியபின் விசா வரிசை இருக்கிறது, அது பிறந்த நாட்டைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸுக்குத் தனி வரிசை, மலேசியாவில் பிறந்தவர்கள் பொது வரிசையில் வருவார்கள். எதுவானாலும் வருடக் கணக்கில் காத்திருக்கும் பொறுமை வேண்டும், அந்தக் காலத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். ஜெர்மனியும் ஆள் எடுக்கிறது, 2013 முதல் பிலிப்பைன்ஸோடு அரசு அளவில் திட்டமே நடக்கிறது. ஆனால் ஜெர்மன் மொழியில் பி2 என்ற மேல் இடைநிலைத் தகுதி வரை போக வேண்டும். மொழி படிக்க ஆர்வம் இருப்பவர்களுக்குக் கேஎல்லில் கோத்தே நிலையம் இருக்கிறது.

ஏஜெண்ட் விஷயத்தில் தயவுசெய்து கவனம். பிலிப்பைன்ஸில் ஏஜெண்ட் லைசென்ஸையும் வேலை ஆர்டரையும் அரசு இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். இங்கே வெளியே போகும் நர்ஸ்களுக்கென்று அப்படி ஒரு துறை இல்லை, அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டப்படி ஏஜெண்டுக்குத் தொழிலாளர் இலாகாவின் லைசென்ஸ் வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி இலாகாவில் சரிபாருங்கள். பிரிட்டனுக்கு ஆள் எடுப்பவர் உங்களிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கினால் அது அந்த நாட்டு நெறிமுறைக்கே எதிரானது. “முதலில் டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், நகல் போதும். வேலை ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம், தங்குமிடம், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, எந்த மருத்துவமனை என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்குப் பல மாதம் முன்பே தாதியர் வாரியத்திடம் நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். சில நாடுகளுக்கு அது வாரியத்திலிருந்து நேராகப் போக வேண்டும், உங்கள் கை வழியாகப் போனால் ஏற்கமாட்டார்கள். வெளியே போனபிறகும் இங்குள்ள பதிவைக் கைவிடாதீர்கள். வருடாந்திரத் தொழிற்சான்றைப் புதுப்பிக்கத் தேவையான பயிற்சிப் புள்ளிகளை அங்கே படிக்கும் வகுப்புகளிலிருந்தும் காட்ட முடியுமா என்று வாரியத்திடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி, அதையும் அந்த ஃபைலில் போட்டு வையுங்கள்.