காகிதம் கிழியாமல் தங்கமீன் அள்ளுவது எப்படி?

ஜப்பானில் கோடைத் திருவிழாவுக்குப் போனால், கடைவரிசையில் ஆழமில்லாத ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் குந்தியிருப்பதைப் பார்க்கலாம். அதுதான் கிங்யோ சுகுய், தங்கமீன் அள்ளும் விளையாட்டு. காசு கொடுத்தால் ஒரு கிண்ணமும், மெல்லிய காகிதம் ஒட்டிய பிளாஸ்டிக் வளையமும் தருவார்கள். அந்த வளையத்தின் பெயர் ‘பொய்’. நம் பொய்யைப் போலவேதான் உச்சரிக்கிறார்கள்.

மீனின் கனத்தில்தான் காகிதம் கிழிகிறது என்று நினைப்போம். பெரும்பாலும் கிழிப்பது தண்ணீர்தான். காகிதத்தின் மேல் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து நேரே தூக்கினால் அது தாங்காது. இதை நினைவில் வையுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

முதலில் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் காகிதம் விளிம்போடு சமமாக ஒட்டியிருக்கும். மறுபக்கம் விளிம்பு வரப்பு மாதிரி உயர்ந்திருக்கும். சமமான பக்கம் மேலே இருக்கட்டும். வரப்புப் பக்கம் மேலே இருந்தால் தண்ணீர் தேங்கிவிடும்.

அடுத்து, வளையத்தைச் சாய்த்து முழுவதுமாக ஒரே தடவையில் நனைத்துவிடுங்கள். நனையாமல் காப்பாற்றலாம் என்று நுனியை மட்டும் முக்கவே கூடாது. பாதி ஈரம், பாதி உலர்வாக இருந்தால் இரண்டும் சேரும் கோட்டில்தான் கிழிசல் தொடங்கும்.

இப்போது மீன். பெரிய கண் பிதுங்கிய, தெமெகின் என்ற கறுப்புத் தங்கமீன் வகை ஆசை காட்டும், அதை விட்டுவிடுங்கள். மேல்மட்டத்தில் நீந்தும் சின்னச் சிவப்பு மீனாகப் பாருங்கள். துரத்த வேண்டாம். தொட்டி ஓரத்துக்கு அது வரும்வரை காத்திருங்கள்.

அள்ளும் நேரம்தான் முக்கியம். கிண்ணத்தைத் தண்ணீரை ஒட்டிப் பிடியுங்கள். பொய்யைச் சாய்வாக உள்ளே விட்டு, மீனுக்கு அடியில் கிடைமட்டமாக நகர்த்துங்கள். தலைப்பக்கமாக ஏந்தி, வால் வளையத்துக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். வால் அடித்தால் ஈரக் காகிதம் நனைந்த அப்பளம்போலப் பிய்ந்துவிடும். மீனை விளிம்போரமாக வைத்து, சாய்த்தபடியே மேலே எடுத்தால் தண்ணீர் வழிந்துபோகும். உடனே கிண்ணத்துக்குள் சரித்துவிடுங்கள். பாதி கிழிந்தாலும் மீதிக் காகிதத்தில் அள்ளலாம்.

காகிதத்திலும் தடிமன் வகைகள் உண்டு. அவற்றை எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடக்கூட மெல்லியது. நாரா மாகாணத்தில் தங்கமீன் வளர்ப்புக்குப் பேர்போன யமாத்தோகோரியாமாவில் 1995 முதல் தேசியப் போட்டியே நடக்கிறது. ஆளுக்கு 3 நிமிடம். அங்கே ஆடுபவர்களின் கை நகர்வதைப் பார்த்தால், அவசரமே இருக்காது.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முன்பே வெயிலில் வைத்துக் குளோரினைப் போக்கிவிடுங்கள். மீன் இருக்கும் பையை அந்தத் தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு மீனை இறக்குங்கள். முதல் நாள் தீனி போட வேண்டாம். வளர்க்க வசதி இல்லையா? கிளம்பும் முன் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.