பட்ஜெட்டுக்குள் கேமிங் கம்ப்யூட்டர்: எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குப் போய், "கேமிங் பிசி வேணும், பட்ஜெட் எண்பதாயிரம்" என்று சொன்னால் கொஞ்ச நேரத்தில் ஒரு கொட்டேஷன் கைக்கு வந்துவிடும். ப்ராசஸர் பெயர் முழுதாக இருக்கும். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு நேராக வெறும் "8 ஜிபி", பவர் சப்ளைக்கு நேராக வெறும் "500 வாட்" என்று எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உங்கள் பணம் மற்ற எதையும் விட அதிகமாகப் போகிற பாகம் ஒன்று, மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுகிற பாகம் இன்னொன்று. அந்த இரண்டுக்கும்தான் அதில் பெயர் இல்லை.

எந்த வரிசையில் முடிவெடுக்கிறோம் என்பதில்தான் பட்ஜெட் நிற்கும். முதல் தடவை வாங்குபவர்கள் ப்ராசஸரில் தொடங்கி, மீந்த காசுக்குக் கார்டு பார்க்கிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள்.

படி 1: மானிட்டர்

1080பி (1920 × 1080) திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், அதாவது படத்தின் புள்ளிகள். 1440பி (2560 × 1440) திரையில் சுமார் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டியது ஏறக்குறைய 80 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால் எந்தத் திரை என்று முடிவு செய்யாமல் கார்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

நடுத்தர பட்ஜெட்டில் முதல் கம்ப்யூட்டர் என்றால் 1080பி, 144 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 144 தடவை படம் புதுப்பிக்கப்படும்) குறையாத ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை வகை) மானிட்டர் போதும் என்பது என் கருத்து. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி விளையாட்டுகளில் 60 ஹெர்ட்ஸுக்கும் 144 ஹெர்ட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் மவுஸை நகர்த்தியதுமே தெரியும். சைபர்பங்க் 2077 மாதிரி கதை விளையாட்டுகளே உங்களுக்கு முக்கியம் என்றால் 1440பி நல்ல தேர்வு. ஆனால் கார்டுக்குக் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

மானிட்டர் போக மீதியுள்ள பட்ஜெட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை இதற்கு ஒதுக்குங்கள். விளையாட்டுக்காகவே வாங்குகிற கம்ப்யூட்டருக்கு இது அதிகமே இல்லை.

"8 ஜிபி" என்பது நினைவகத்தின் அளவு மட்டும்தான், வேகம் அல்ல. 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 580 கார்டிலும் 8 ஜிபி உண்டு; 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-லும் 8 ஜிபிதான். இரண்டுக்கும் செயல்திறனில் ஒட்டுமில்லை உறவுமில்லை. அப்புறம், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஆகிய இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக விற்கப்படுகின்றன. கொட்டேஷனில் பெயரும் அளவும் இரண்டுமே இருக்க வேண்டும்.

புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை உயர்த்தும்போது 8 ஜிபி நிரம்பிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் காட்சி திடீர் திடீரென்று திக்கும். 1080பி-யில் செட்டிங்கைக் குறைத்து 8 ஜிபியில் சமாளிக்கலாம். 1440பி என்றால் 12 அல்லது 16 ஜிபி பாருங்கள். இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது, ஆனால் ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே தடவையில் அணுகும்) வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அதை மாட்டினால் வேகம் நன்றாகவே அடிபடும்.

படி 3: ப்ராசஸர், மதர்போர்டு, ராம்

இந்த மூன்றையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள், ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும்.

6 கோர் (வேலை செய்யும் மையம்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள ப்ராசஸர் இந்த பட்ஜெட்டுக்குப் போதும். ரைசன் 5 7600-ஐ நான் முதலில் பார்ப்பேன். அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசஸரைப் பொருத்தும் இடம்) 2022-இல் வந்தது. பின்னாளில் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. காசு இடித்தால் அதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப். இரண்டும் இன்றும் நன்றாக ஓடும், ஆனால் அந்த சாக்கெட்டுகளில் இனி பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

பெயரின் கடைசியில் "எஃப்" இருந்தால் உள்ளுக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனால், திரும்பி வரும்வரை திரையில் எதுவும் தெரியாது. 7600-இல் சிறியதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் மற்ற வேலைகளையாவது பார்க்கலாம். விலை வித்தியாசம் சிறியது என்றால் அதையே எடுங்கள்.

மதர்போர்டுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஏஎம்5-க்கான பி650 போர்டில் எம்.2 ஸ்லாட்டும் (எஸ்எஸ்டி மாட்டும் இடம்), தேவையென்றால் வைஃபையும் இருந்தால் போதும்.

2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் வாங்கும் அன்றைய விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 32 ஜிபி நல்லது. கட்டுப்படியாகாவிட்டால் 16 ஜிபி. எதுவானாலும் இரண்டு ஸ்டிக்காக வாங்கி, நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டச் சொல்லுங்கள். ஒற்றை ஸ்டிக்கில் நினைவகத்தின் வேகம் பாதியாகிவிடும்.

படி 4: பவர் சப்ளை

இதில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமான பவர் சப்ளை செத்தால் தனியாகச் சாகாமல் மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

வாங்கும் முன் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். அதில் +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். நல்ல 550 வாட் பெட்டியில் 45 ஆம்பியருக்கு அருகில் இருக்கும்: 45 × 12 = 540 வாட். மேலே பெரிய எழுத்தில் 500 வாட் என்று போட்டுவிட்டு +12வி-யில் 25 ஆம்பியர் என்றிருந்தால், உண்மையில் கிடைப்பது 300 வாட்தான். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டை என்பதால் இந்த ஒரு பெருக்கலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நம் கணக்குக்கு வருவோம். ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட். 7600 முழு வேகத்தில் 90 வாட்டுக்குப் பக்கம். மற்றவை எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 285. கண நேரம் மின்தேவை எகிறும் என்பதால் தரமான 550 வாட் வேண்டும். பிறகு பெரிய கார்டு மாற்றும் எண்ணம் இருந்தால் 650. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது, பாதுகாப்பைச் சொல்வதில்லை. ஐந்து வருட வாரன்டி தருகிற மாடலாகப் பாருங்கள்.

கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் யூபிஎஸ்-க்கும் காசு ஒதுக்குங்கள். 600 விஏ என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் அது இழுபறிதான். 1000 விஏ பாருங்கள்.

படி 5: எஸ்எஸ்டி, கேபினெட்

1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (எம்.2 ஸ்லாட்டில் மாட்டும் வேகமான சேமிப்பகம்) எடுங்கள். பல புதிய விளையாட்டுகள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுவதால் 500 ஜிபி சீக்கிரமே நிரம்பிவிடும்.

கேபினெட்டில் விளக்குகளைப் பார்க்காமல் முன்பக்கம் வலையாக இருக்கிறதா என்று பாருங்கள். மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில், முன்னால் கண்ணாடி போட்டு அடைத்த பெட்டிக்குள் சூடு தங்கி கார்டின் வேகம் குறையும். கார்டின் நீளம் உள்ளே அடங்குமா என்பதையும் மில்லிமீட்டரில் சரிபாருங்கள்.

படி 6: பில்லும் முதல் நாளும்

கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் பெயரை எழுதி வாங்கி, இரண்டு மூன்று கடைகளிலும் ஆன்லைனிலும் ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி பில்லும் அதில் சீரியல் நம்பரும் வேண்டும். இந்திய வாரன்டி உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

சரி, கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் குத்தாமல் கிராபிக்ஸ் கார்டில் குத்துங்கள். பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்) போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ, இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 வேகம் என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 4800 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங் திறந்து ரெஃப்ரெஷ் ரேட் 60-இல் நிற்கிறதா என்று பார்த்து, 144-க்கு மாற்றிவிட்டு விளையாட உட்காருங்கள்.