அண்டை நாட்டுக் கொள்கை மாறிவிட்டதா? காகிதம் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

டிவி விவாதம் பார்த்துவிட்டு "நம்ம வெளியுறவுக் கொள்கையே மாறிப்போச்சு அண்ணாச்சி" என்று சொல்லுகிற பிள்ளைகள் எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் நிறைய. குரூப் 1, குரூப் 2 என்று படிக்கிறவர்கள். நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். கொழும்புக்கும் மாலத்தீவின் தலைநகர் மாலேக்கும் போகிற சரக்குக்குக் காகிதம் போடுவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்த முறையை இங்கே எழுதுகிறேன். பேச்சைக் கடைசியில் படியுங்கள்; அரசு கையெழுத்துப் போட்ட காகிதத்தை முதலில் படியுங்கள்.

ஒரு கோடுபோட்ட நோட்டு போதும். இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், நேபாளம், பூடான், பாகிஸ்தான் என்று நாட்டுக்குச் சில பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் சொன்னது, வலது பக்கம் செய்தது. இடது பக்கம் தானாக நிறைந்துவிடும். வலது பக்கத்துக்குத்தான் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது டி.ஜி.எஃப்.டி. அறிவிக்கைகள். வெளிநாட்டு வணிகத்துக்கான இந்த இயக்குநரகம் எந்தச் சரக்கு எந்த நாட்டுக்குப் போகலாம், எவ்வளவு போகலாம், எந்தத் துறைமுகம் வழியாகப் போகலாம் என்று சொல்லும். இணையத்தில் யாரும் படிக்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும்.

மாலத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், அரிசி, கோதுமை மாவு, சீனி, பருப்பு, ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றை அந்த நாட்டுக்கு அளவு குறித்து அனுப்புகிறோம். 2023 கடைசியில் முகமது முய்சு 'இந்தியா வெளியேறு' என்ற கோஷத்தோடு ஜெயித்து அங்கே அதிபராக வந்தார். நம் ராணுவத்தினரைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொன்னார். 2024 ஜனவரியில் அவருடைய துணை அமைச்சர்கள் மூன்று பேர் நம் பிரதமரைப் பற்றிக் கண்டபடி எழுதி, இங்கே 'மாலத்தீவுக்குப் போகாதே' என்று ஒரே கூச்சல். இடது பக்கம் நிரம்பி வழிந்த காலம் அது.

அந்த ஏப்ரலில் 2024-25க்கான அறிவிக்கை வந்தது. 1981க்குப் பிறகு அதுவரைக்கும் அதுதான் மிக அதிக அளவு. மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். சாப்பாட்டுச் சாமான்களில் பலவற்றுக்கு 5 சதவீதம் கூடுதல். அதே மாதம் இன்னொரு காகிதம்: இந்தச் சரக்கெல்லாம் முந்த்ரா, தூத்துக்குடி, நவ சேவா, துக்ளகாபாத் ஆகிய நான்கு இடங்கள் வழியாக மட்டுமே போக வேண்டும். சேர்த்துப் படித்தால், கோபத்தில் இருக்கிறோம், ஆனால் அடுப்பில் கை வைக்கவில்லை. வாசலை மட்டும் கொஞ்சம் குறுக்கிக்கொண்டோம் என்று தெரியும். மே மாதத்துக்குள் ராணுவத்தினருக்குப் பதில் சிவில் தொழில்நுட்ப ஆட்கள் போனார்கள். அக்டோபரில் முய்சு டெல்லிக்கு வந்தார். 2025 ஜூலையில் பிரதமர் மாலேக்குப் போய் 4,850 கோடி ரூபாய் கடன் வசதி அறிவித்தார். கூச்சலை மட்டும் கேட்டவர்களுக்கு இது திடீர்த் திருப்பம். ஏப்ரல் காகிதத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை.

இதே கண்ணோடு வங்கதேசப் பக்கத்துக்கு வாருங்கள். 2024 ஆகஸ்ட் 5 அன்று பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு இந்தியாவுக்கு வந்தார். இரண்டு தரப்பும் நாகரிகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தன. 2025 ஏப்ரலில், வங்கதேசச் சரக்கு நம் மண் வழியாக மூன்றாவது நாட்டுக்குப் போக 2020இல் கொடுத்திருந்த வசதியைச் சுங்க வாரியம் ஒரு சுற்றறிக்கையில் ரத்து செய்தது. மே மாதம் அவர்களுடைய ஆயத்த ஆடைகள் தரைவழியே வரக்கூடாது, கொல்கத்தா, நவ சேவா கடல் துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம் என்று அறிவிக்கை. பேச்சில் இல்லாத சூடு காகிதத்தில் இருந்தது. மாலத்தீவுக்கு நேர் எதிர்.

அறிவிக்கையில் தடையை விட விலக்கைக் கவனியுங்கள். 2023 டிசம்பர் 8 அன்று வெங்காய ஏற்றுமதியை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் பல்லாரி, அதாவது பெரிய வெங்காயத்தின் விலை இறங்கியதா என்பதுதான் அன்றைய பேச்சு. ஆனால் 2024 ஏப்ரலுக்குள் வங்கதேசம், பூடான், இலங்கை, மொரீஷியஸ், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றுக்கு மட்டும் அளவு குறித்து அனுமதி வந்துவிட்டது. யாருக்குத் தடையிலும் கொடுக்கிறோம் என்று பார்த்தால் யாரை வேண்டியவராக நினைக்கிறோம் என்பது புரியும். பல்லாரிக்கும் வெளியுறவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் பார்த்ததில்லை.

இரண்டாவது, ஒப்பந்தத்தோடு ஒட்டியிருக்கிற கடிதங்கள். இதற்கு இலங்கைப் பக்கத்தைவிட நல்ல பாடம் கிடையாது. கச்சத்தீவு என்றால் எல்லோரும் 1974 ஒப்பந்தத்தை மட்டும் பேசுவார்கள். 1976 மார்ச் 23இன் காகிதத்தையும் எடுங்கள். மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை போட்டது அந்த ஒப்பந்தம். அதோடு இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் உண்டு. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்பது அங்கேதான் வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளப் பகுதி நம்முடையது என்பதும் அங்கேதான். ராமேஸ்வரத்தில் நின்று படித்தால் இழந்தது தெரியும். குமரிமுனையில் நின்று படித்தால் வந்தது தெரியும். இரண்டையும் குறித்துக்கொண்டு அப்புறம் கோபப்படுங்கள், தப்பில்லை.

1987 ஜூலை 29, ராஜீவ்-ஜெயவர்த்தனா ஒப்பந்தத்திலும் இதே கதைதான். மாகாண சபைகளைப் பற்றி எல்லோரும் படித்திருப்பார்கள். கூடவே இருந்த கடிதத்தில், திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கப்படாது, திருகோணமலை எண்ணெய்க் கிடங்கைக் கூட்டாகச் சீரமைப்போம் என்று இருக்கிறது. அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பிவிட்டது. 1991இல் ராஜீவ் கொலை, 1992இல் புலிகளுக்குத் தடை. டெல்லியில் எத்தனையோ ஆட்சி வந்து போனது. கடைசியில் 2022 ஜனவரியில் அந்தக் கிடங்குக்கு ஒப்பந்தம் முடிந்தது: 99 தொட்டிகளில் 61 கூட்டு நிறுவனத்துக்கு, 14 நம் இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 35 வருஷம் ஒரு வரி தூங்காமல் இருந்திருக்கிறது. இது மாதிரி மாறாத வரிகளுக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள். எது மாறவில்லை என்று தெரியாமல் எது மாறியது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, ஓட்டு. ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை பற்றிய தீர்மானங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2009இல் இலங்கைக்குச் சாதகமாக. 2012, 2013இல் இலங்கைக்கு எதிராக. 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கல். 2021, 2022இலும் அப்படியே. இதில் 2013 மார்ச்சில் தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2014 மே மாதம் ஆட்சி மாறியதால்தான் ஒதுங்கினோம் என்று அடித்துச் சொல்வார்கள். அந்த ஓட்டு மார்ச்சில் நடந்தது. அப்போது மன்மோகன் சிங்தான் பிரதமர். தேதியை மாதத்தோடு எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பணத்தைப் பார்ப்பது எளிது. பிப்ரவரியில் பட்ஜெட் வந்ததும் வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையைத் திறந்தால் நாட்டுவாரியாக உதவித்தொகை இருக்கும். பூடான்தான் எப்போதும் முதலில், 2,000 கோடிக்கு மேல். முதல் மதிப்பீட்டோடு நிற்காமல் திருத்திய மதிப்பீட்டையும் பாருங்கள். மாலத்தீவுக்கு 2023-24இல் முதலில் 400 கோடி என்று போட்டு, திருத்தியபோது 770 கோடி ஆயிற்று.

யார் முதலில் எந்த நாட்டுக்குப் போனார், யாரைக் கட்டிப்பிடித்தார் என்பதற்கெல்லாம் நான் அதிக மதிப்பெண் தருவதில்லை. பதவியேற்பு விழா அழைப்புப் பட்டியல் மட்டும் விதிவிலக்கு, அது யோசித்துப் போடுவது. 2014இல் மோடி பதவியேற்றபோது தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் தலைவர்கள், பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் உட்பட. 2019இல் பாகிஸ்தான் இல்லாத, வங்கக் கடலைச் சுற்றிய நாடுகளின் அமைப்பான பிம்ஸ்டெக். சார்க் மாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்ததோடு சரி.

கொள்கைக்குப் பெயர் வைத்தால் உடனே மயங்க வேண்டாம். குஜ்ரால் கோட்பாடு, அண்டை நாடு முதலில் என்று பெயர்கள் வரும். ஆனால் வங்கதேசத்தோடு நில எல்லை ஒப்பந்தம் 1974இல் இந்திரா போட்டது, 2011இல் மன்மோகன் துணை ஒப்பந்தம் சேர்த்தார், 2015இல் மோடி காலத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்தி நிறைவேறியது. மூன்று பெயர், ஒரே காகிதம். இதற்கு மாறாக, பாகிஸ்தானோடு போட்ட 1960இன் சிந்து நதி ஒப்பந்தம் 1965, 1971, 1999 சண்டைகளில் அசையவில்லை; 2025 ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்டது. இதை மாற்றம் என்று தைரியமாக எழுதலாம்.

இன்னொன்று, மாறியது நாம்தானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்தது இலங்கையின் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று தொண்டர்களுக்குத் தனி வகுப்பே எடுத்த கட்சி. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024இல் ஜனாதிபதியாகி, முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லிக்கு வந்து, எங்கள் மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்றார். 2025 ஏப்ரலில் கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்புக்குக் கையெழுத்தானது. நம் கடைசிப் பக்கத்தில் இருந்த 1987 வரி அப்படியே இருக்க, எதிர்க்கரை நகர்ந்து வந்திருக்கிறது.

சரி, எப்போது 'மாறிவிட்டது' என்று எழுதலாம்? காகிதம், பணம், ஓட்டு இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒரே பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், அடுத்த பட்ஜெட் வரைக்கும் நிலைத்திருக்க வேண்டும். அதுவரை பென்சிலால் எழுதுங்கள்.

பழகிப் பார்க்க ஒரு பாடம் தருகிறேன். கங்கை நீரைப் பங்கிடும் ஒப்பந்தம் 1996 டிசம்பர் 12 அன்று தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் போட்டது. காலம் 30 ஆண்டு, அதாவது 2026 டிசம்பரோடு முடிகிறது. வங்கதேசப் பக்கத்தில் இந்தத் தேதியை எழுதி, ஜனவரி முதல் மே வரை மேற்கு வங்கத்தின் பராக்கா தடுப்பணையில் இப்போது எந்தக் கணக்கில் நீர் பிரிகிறது என்று பழைய ஒப்பந்தத்தின் அட்டவணையை நகல் எடுத்து ஒட்டிவையுங்கள். புதிய காகிதம் வரும்போது ஆண்டுக் கணக்கும் அந்த அட்டவணையும் என்ன ஆயின என்பதை முதலில் பாருங்கள். முன்னுரையில் இருக்கும் நட்பு வார்த்தைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.