கூடாரத்தில் தொலைபேசியை எப்போது அணைப்பது, எப்போது திறப்பது: திருகோணமலைக் கரையில் தங்கப் போவோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில், நானும் இரு நண்பர்களும் குச்சவெளிக்கு வடக்கே கடற்கரையோரம் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கினோம். இரண்டு நாளைக்குத் தொலைபேசியே வேண்டாம் என்று கிளம்பும்போதே தீர்மானித்து, மூவரும் அவற்றை அணைத்துப் பையின் அடியில் வைத்துவிட்டோம். அந்தத் தீர்மானத்தை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை என் மூத்த அண்ணன் முச்சக்கரவண்டியொன்றைப் பிடித்துக்கொண்டு, வழியில் கண்ட மீன்வாடிகளிலெல்லாம் (மீனவர் தங்கும் கரையோரக் குடில்கள்) விசாரித்து, எங்களைத் தேடி வந்து சேர்ந்தார். அம்மா இரவு முழுவதும் படலையடியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச வாய் வரவில்லை.

நீண்ட போரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் கடலையும் கண்ட ஊர் இது. பதில் வராத தொலைபேசி இங்குள்ள தாய்மாருக்குச் சின்ன விடயமன்று. ஆகவே இணைப்பைத் துண்டிப்பது நாம் தனியாக எடுத்துவிடக்கூடிய முடிவு அல்ல. வீட்டாரோடு கூடி முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டிய ஓர் ஏற்பாடு. அதைச் சரியாகச் செய்துவிட்டால், இரண்டு நாள் பயணத்தில் மொத்தமாக இருபது நிமிடம் மட்டும் தொலைபேசியைத் திறந்து, மீதி நேரம் முழுவதையும் கடலுக்கும் காட்டுக்கும் கொடுத்துவிட முடியும். அதை எப்படிச் செய்வது என்பதை, அந்த ஜூலைக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையில் எழுதுகிறேன்.

வீட்டில் விட்டுச் செல்ல வேண்டிய தாள்

முதல் வேலை தொலைபேசியில் அல்ல, ஒரு கொப்பித் தாளில் தொடங்குகிறது. யார் யார் போகிறோம், எந்த வாகனத்தில் போகிறோம், எந்த இரவு எங்கே தங்குகிறோம், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பவற்றைத் தெளிவாக எழுதி, வீட்டில் ஒருவரிடமும் பயணத்தில் சேராத நண்பர் ஒருவரிடமும் கொடுத்துவிட வேண்டும். அதன் கீழே இரண்டு நேரங்களைக் குறிக்க வேண்டும். நான் காலை 6.30ஐயும் மாலை 5.00ஐயும் வைத்துக்கொள்கிறேன். மாலை நேரத்தை இருட்டிய பிறகு வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஐந்து மணித் தகவல் வராமற் போனால், தேட நினைப்பவருக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும்.

தாளின் கடைசி வரியே மிக முக்கியமானது: தகவல் வராவிட்டால் என்ன செய்வது? ஒரு நேரம் தவறினால் சிக்னல் கிடைக்கவில்லை என்று எண்ணி அடுத்த நேரம் வரை பொறுத்திருப்பது, தொடர்ந்து இரண்டாவதும் தவறினால் இன்னாரை அழைப்பது என்று எழுதி, அதை வீட்டாருக்கு ஒரு முறை வாசித்தும் காட்டிவிடுங்கள். தங்கும் இடத்துக்கு அருகிலுள்ள வாடியில் அல்லது கடையில் ஒருவரை அறிமுகம் செய்துகொண்டு, அவருடைய இலக்கத்தையும் முதல்நாள் தகவலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், தேடி வருவோர் கரையெங்கும் அலைய வேண்டியதில்லை.

இது புதுமையான யோசனை ஒன்றும் அல்ல. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை எனக் கரையோரமாகவே நடந்து, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேரும் பாதயாத்திரிகர்கள் தொலைபேசி இல்லாத காலத்திலும் வாரக்கணக்கில் நடந்தார்கள். எந்த நாளளவில் எந்தக் கோயிலடியில் தங்குவார்கள் என்பதை வீட்டார் கணக்கு வைத்திருப்பார்கள் என்றும், அந்தக் கணக்கை நம்பித்தான் நித்திரை கொள்வார்கள் என்றும் என் அம்மம்மா சொல்லுவார். நமது தாளும் அந்தக் கணக்குத்தான்.

தொலைபேசியைத் தயார் செய்தல்

சிக்னல் இல்லாத இடத்தில் வரைபடம் வேலை செய்யாது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் தொலைபேசியிலுள்ள ஜி.பி.எஸ். கருவி, ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் அலைகளை நேரடியாகப் பெறுகிறது; அதற்குத் தொலைபேசி நிறுவனத்தின் கோபுரம் தேவையில்லை. கோபுரத்தின் உதவி இல்லாதபோது முதல் முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சற்று அதிக நேரம் எடுக்கும், அவ்வளவே. திறந்த வெளியில் சில நிமிடங்கள் அசையாமல் நின்றால் போதும். தேவைப்படுவது முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம் மட்டுமே. ஓர்கானிக் மெப்ஸ், ஓஸ்மாண்ட் ஆகிய இரு செயலிகளும் ஓபன்ஸ்ட்ரீட்மெப் என்ற திறந்த வரைபடத் தரவைக் கொண்டு, இணையம் இல்லாமலே நடைபாதையையும் காட்டுகின்றன. கூகுள் வரைபடத்தையும் இறக்கி வைக்கலாம்; ஆனால் இணையம் இல்லாதபோது அது வாகன வழியைக் காட்டுமே தவிர நடைவழியைச் சொல்லாது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு சோதனை செய்யுங்கள். தொலைபேசியை ஃபிளைட் மோட் நிலைக்கு (கோபுரத் தொடர்பைத் துண்டிக்கும் நிலை) மாற்றி, முற்றத்தில் நின்று வரைபடத்தைத் திறவுங்கள். உங்கள் இருப்பிடம் புள்ளியாகத் தெரிந்தால் எல்லாம் சரி. இன்றைய பெரும்பாலான தொலைபேசிகளில் அந்த நிலையிலும் ஜி.பி.எஸ். இயங்கும்.

ஃபிளைட் மோட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தின் பாதித் தொல்லையை அது ஒன்றே தீர்க்கிறது. சிக்னல் மிகக் குறைந்த இடத்தில் தொலைபேசி சும்மா இருப்பதில்லை. தூரத்துக் கோபுரத்தை எட்டுவதற்காகத் தன் அலை பரப்பும் வலுவை உயர்த்திக்கொண்டும், புதிய கோபுரத்தை மீண்டும் மீண்டும் தேடிக்கொண்டும் இருக்கிறது. பையில் தொடாமல் வைத்திருந்த தொலைபேசி மாலையில் செத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். முழுவதும் அணைத்து வைப்பதைவிட ஃபிளைட் மோட் சிறந்தது என்பேன்: மின்கலம் மெதுவாகவே குறையும், வழி பார்க்க வேண்டிய கணத்தில் உடனே கைக்கு வரும், எந்த அழைப்பும் எந்த அறிவிப்பும் மனத்தைக் கலைக்காது.

பவர் பேங்க் வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். 10,000 மில்லி அம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் மின்கலத்தின் கணக்கு. 5 வோல்ற்றுக்கு மாற்றும்போதும் வெப்பமாக இழக்கும்போதும் குறைந்துவிடுகிறது. 5,000 மில்லி அம்பியர் மணித் தொலைபேசியொன்றை அது ஏறக்குறைய ஒன்றரைத் தடவையே நிரப்பும். மேலே சொன்ன ஒழுங்கில் போகும் மூவருக்கு, இரண்டு இரவுகளுக்கு அது தாராளம். நமது கரையில் மின்கலத்தின் பெரிய எதிரி வெயில்தான். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் மூடிய கூடாரத்தினுள் நண்பகலில் எதையும் விட்டு வைக்காதீர்கள். 45 பாகைக்கு மேல் சூடான லிதியம் மின்கலத்துக்கு மின்னேற்றுவது அதைக் கெடுத்துவிடும். மர நிழலில், துணியில் சுற்றி, இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தால் மணலிலிருந்தும் உப்பு ஈரத்திலிருந்தும் சேர்த்தே காப்பாற்றிவிடலாம். கடல்நீர் பட்ட துவாரத்தில், அது நன்றாகக் காயும்வரை, மின்னேற்றும் கம்பியைச் செருகவே கூடாது.

எழுபது எழுத்துக்குள் ஒரு தகவல்

குறித்த நேரம் வந்ததும் திறந்த, சற்று உயரமான இடத்துக்குப் போய் ஃபிளைட் மோடை நீக்குங்கள். பாறைக்குப் பின்னாலும் பள்ளத்திலும் கிடைக்காத சிக்னல், சில அடி ஏறினால் கிடைப்பதுண்டு. அங்கே நின்று அழைக்க முயல்வதைவிடக் குறுஞ்செய்தி அனுப்புவதே நல்லது. அழைப்புக்குத் தொடர்ச்சியான இணைப்பு வேண்டும். குறுஞ்செய்திக்குச் சில நொடிகள் கிடைத்தாலே போதும். வாட்ஸ்அப் செய்திக்கு இணையத் தரவு தேவை என்பதால், ஓரங்களில் அதை நம்பியிருக்க முடியாது.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறிகளையே கொள்ளும். அதிலும் 'கூ' என்பது 'க' ஒன்று, அதன் துணைக்குறி ஒன்று என இரண்டாகவே எண்ணப்படும். நீண்டால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும். சிக்னல் தளம்பும் இடத்தில் ஒரு துண்டு போய் மற்றது நின்றுவிடலாம். 'கூடாரம் போட்டாச்சு. மூவரும் நலம். நாளை காலை 6.30க்கு அடுத்த தகவல்.' என்ற செய்தி எழுபதுக்குள் அடங்கிவிடுகிறது. இருப்பிடத்தைச் சொல்ல வேண்டுமானால் வரைபடத்தில் தெரியும் அகலாங்கு, நெட்டாங்கு என்ற இரு எண்களை அனுப்புங்கள். திருகோணமலை நகரம் ஏறக்குறைய 8.57 வடக்கு, 81.23 கிழக்கு, தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் எழுதினால், ஏறக்குறைய 11 மீற்றருக்குள் உங்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

செய்தி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியை மீண்டும் ஃபிளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். இந்த இடத்தில்தான் மனம் வழுக்கும். வந்து குவிந்த செய்திகளில் ஒன்றைத் திறந்தால் அரைமணி நேரம் போய்விடும். அலுவலகத்துச் சிக்கல் ஒன்று கூடாரத்துக்குள் வந்து படுத்துக்கொள்ளும். குழுவில் ஒருவரின் தொலைபேசியை மட்டுமே தகவலுக்கு என்று ஒதுக்கி, மற்றவை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வது எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் குழுவில் இருப்பது நல்லது. ஓரிடத்தில் ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று எடுக்கக்கூடும். வீட்டில் நோயாளியோ பச்சைக் குழந்தையோ இருக்கும் ஒருவர், துண்டித்து இருக்கத்தான் வேண்டும் என்று தன்னை வருத்திக்கொள்ளத் தேவையில்லை. அவர் சிக்னலுக்குக் குறைவில்லாத நிலாவெளி, உப்புவெளிப் பக்கமாகத் தங்கி, அழைப்பை மட்டும் திறந்து வைத்து இணையத் தரவை மூடிவிடலாம்.

திரை சொல்லாதவை

வரைபடத்தில் குறுக்கு வழி தெரிகிறது என்பதற்காகப் பற்றைக்காட்டுக்குள் இறங்காதீர்கள். போர் நடந்த மாவட்டம் இது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் மட்டுமல்ல, ஆள் நடமாட்டத்தின் தடயம் இல்லாத இடத்திலும் ஊரவரைக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. கந்தளாய், வெருகல் பக்கங்களில் யானை எந்த வழியால் நேற்றிரவு வந்தது என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. வயலுக்குக் காவல் இருக்கும் ஐயாவைக் கேட்டால் சொல்லுவார். கடல் எப்படி இருக்கும் என்று கரைவலைக்காரர் சொல்வதையும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும் கிளம்பும் நாளில் சேர்த்தே கேளுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக்காலத்தில் கடற்கரைக் கூடாரத்தை நான் பரிந்துரைப்பதில்லை. வனப்பகுதிகளுக்கும் தேசிய பூங்காக்களுக்கும் உரிய திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாத்தீவுக்குப் பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும்.

திசை மறந்தாலும் நகருக்கு வடக்கேயுள்ள கரையில் பயமில்லை, ஏனெனில் அங்கே கடல் எப்போதும் கிழக்குப் பக்கம். கொட்டியாரக் குடாவைச் சுற்றி இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே கரை வளைந்து வளைந்து போவதால் சிறு திசைகாட்டி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

அவசரத்துக்கு மூன்று எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள்: பொலிஸ் 119, கட்டணமில்லா அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாமல் திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தால், வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டுகிறது என்று பொருள். ஆகவே 119ஐ அழைத்துப் பார்க்காமல் கைவிட்டுவிட வேண்டாம்.

இருட்டிய பின் திரையை முற்றாக மூடச் சொல்வதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. மனிதக் கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் எடுக்கிறது. ஒரே ஒரு தடவை திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நிலவில்லாத இரவில் திரியாய்ப் பக்கக் கரையில் அரை மணி நேரம் வெளிச்சமின்றி உட்கார்ந்து பாருங்கள். மெதுவாக நகரும் புள்ளி ஒன்று விண்மீன்களிடையே போனால் அது ஒரு செய்மதியாக இருக்கலாம். தொலைத்தொடர்புக்குச் செய்மதிகளைப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்தான், 1956இல் நமது திருகோணமலைச் சுவாமி மலையடியில் மூழ்கிப் பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியில் கண்டவர்களுள் ஒருவர் என்பதை அங்கே இருந்தபோது நினைத்துக்கொண்டேன். டோர்ச் தேவையானால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய ஒன்றைப் பாவியுங்கள். அது கண்ணின் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

படம் எடுப்பதைத் தடுக்க மாட்டேன், ஃபிளைட் மோடிலும் கமரா வேலை செய்கிறது. ஆனால் தங்கியிருக்கும் இடத்தை அங்கிருந்தபடியே உலகுக்கு அறிவிக்க வேண்டாம். குறிப்பாகப் பெண்கள் மட்டும் செல்லும் குழுவாக இருந்தால், வீடு வந்த பிறகே படங்களைப் பகிருங்கள்.

திரும்பியதும் உடுப்பு மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தாள் வைத்திருக்கும் நண்பருக்கும், அறிமுகமான வாடிக்காரருக்கும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை இதை மறந்துவிட்டு நான் படுத்துவிட, வாடியிலிருந்த அண்ணர் இரவு பத்து மணிக்கு எங்கள் கூடாரம் இருந்த இடம்வரை டோர்ச்சுடன் நடந்து போய்ப் பார்த்திருக்கிறார்.