சின்ன அபார்ட்மென்ட் சங்கம் வார்டு கவுன்சிலருடன் பழகுவது எப்படி?

பன்னிரண்டு வீடு, இருபது வீடு உள்ள அடுக்குமாடிகளின் சங்கச் செயலாளர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "மாநகராட்சியின் புகார் தொலைபேசியான 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிவிட்டோம். ஆப்பிலும் பதிவு செய்தாச்சு. தீர்த்துவிட்டோம் என்று மெசேஜ் வருகிறது, தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. கவுன்சிலரைப் பார்க்கலாமா? பார்த்தால் என்ன பேசுவது?"

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் சாக்கடை பொங்கிய அன்று முதல் முறையாகப் போய் நிற்பதை விட, ஒரு பிரச்சினையும் இல்லாத நாளில் போய் அறிமுகமாவது நல்லது. பெரிய கேட்டட் கம்யூனிட்டிகளுக்கு வீட்டு எண்ணிக்கையே பலம். சின்னச் சங்கத்துக்குப் பழக்கமும் ஒழுங்கான காகிதமும்தான் பலம். சென்னை மாநகராட்சியை வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்களில் அலுவலகப் பெயர்கள் மாறும், வழி இதேதான்.

சென்னையில் இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் (கவுன்சிலர்கள் அவையின்) காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 அன்று 200 வார்டுகளுக்கும் தேர்தல் நடக்கும் வரை நகரத்தில் கவுன்சிலர்களே இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எல்லாவற்றுக்கும் அதிகாரிகளிடமே போய்ப் பழகிவிட்டோம். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரிடம் தெருவின் குறையைச் சொல்வது உரிமை. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

1. எந்த வேலை யாருடையது?

தவறான ஆளிடம் கேட்டால் இரண்டு பேருக்கும் நேரம் வீண். உட்புறச் சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா, கொசு மருந்து எல்லாம் மாநகராட்சி. இவற்றில் கவுன்சிலரின் சொல்லுக்கு நேரடி எடை உண்டு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பு. அங்கே கவுன்சிலர் பொறியாளருக்குப் போன் செய்து அழுத்தம் கொடுக்கலாம், உத்தரவு போட முடியாது. பாதாளச் சாக்கடையையும் மழைநீர் வடிகாலையும் ஒன்றாக எண்ணி மனு எழுதுபவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு குழப்பத்தாலேயே மனு இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் மாதக்கணக்கில் கிடக்கும்.

எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. 2019-20இல் அது ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்ந்தது. ஒரு தொகுதி முழுவதற்குமான தொகை அது. பொதுச் சொத்துக்குத்தான் செலவாகும், உங்கள் காம்பவுண்டுக்குள் தரை போட அதைக் கேட்காதீர்கள். கவுன்சிலருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. சின்னச் சங்கத்தின் தேவைகளில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். எம்.பி.யைத் தேடிப் போக வேண்டிய நிலை அபூர்வம்.

ஒரு தாளில் எழுதிச் சங்க அறையில் ஒட்டுங்கள்: வார்டு எண், கவுன்சிலர், வார்டு உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், குடிநீர் வாரியத்தின் டிப்போ (அதன் பகுதி அலுவலகம்), எம்.எல்.ஏ. அலுவலகம்.

2. முதலில் சங்கம் ஒழுங்காக இருக்கட்டும்

பதிவு எண், லெட்டர்பேட், யார் பேசுவது என்ற செயற்குழுத் தீர்மானம், இந்த மூன்றும் வேண்டும். பேச இரண்டு பேரை நியமியுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இருவரும் கட்சிப் பொறுப்பில் இல்லாதவர்களாக இருப்பது நல்லது. ஆறு வீட்டுக்காரர்கள் ஆறு விதமாகக் கவுன்சிலருக்குப் போன் செய்தால், சங்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

3. வாக்காளர் பட்டியல்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேர்தலில் நிற்பவர் ஒவ்வொருவரும் பூத் வாரியாக வாக்கு எண்ணிக்கையைப் பார்ப்பார். அடுக்குமாடிக்காரர்கள் குறை சொல்வார்கள், ஓட்டுப் போட வரமாட்டார்கள் என்ற எண்ணம் கட்சிக்காரர்களிடம் ஊறிப் போயிருக்கிறது. அதை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே மேசை போட்டு, வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்து எல்லாருக்கும் விண்ணப்பம் போட உதவுங்கள். யாருக்கு ஓட்டு என்பதில் சங்கம் தலையிடவே கூடாது.

4. முதல் சந்திப்பு

முன்கூட்டியே போன் செய்து நேரம் கேளுங்கள். காலையில் வார்டு அலுவலகத்தில் பார்ப்பது வசதி. மாமன்றக் கூட்டம் நடக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். மூன்று நான்கு பேர் போதும், கூட்டமாகப் போனால் புகார் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார். சால்வை போடுவது உங்கள் விருப்பம். ஒரு நல்ல புத்தகமும் போதும், வெறுங்கையோடு போனாலும் தவறில்லை.

கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் அவரிடமே பேசுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஆனாலும் பல இடங்களில் கணவரோ அண்ணனோ முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "மேடத்தைப் பார்க்கத்தான் சார் வந்தோம்" என்று பணிவாகச் சொல்லிக் காத்திருங்கள். மனுவையும் கவுன்சிலர் பெயருக்கே எழுதுங்கள். பதவியில் இருப்பவரை மதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பேச வேண்டியது கொஞ்சம்தான். நாங்கள் இன்ன தெரு, இத்தனை குடும்பம், இவர்கள் இருவரும் தொடர்புக்கு. அப்புறம் ஒரு கேள்வி: "வார்டில் இந்த வருஷம் நீங்கள் முக்கியமாக எடுத்திருக்கும் வேலை எது? எங்களால் என்ன செய்ய முடியும்?" குப்பையை வீட்டிலேயே தரம் பிரிப்பது, மருத்துவ முகாமுக்குக் கார் நிறுத்துமிடத்தைத் தருவது, மழைக்கு முன் மழைநீர் சேகரிப்புத் தொட்டியைச் சுத்தம் செய்வது என்று சின்னச் சங்கம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அன்றைக்கு எந்தக் கோரிக்கையும் வேண்டாம். அவரே கேட்டால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

5. மனு எழுதுவது

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். 1913 புகார் எண், தேதி போட்ட புகைப்படம், விளக்குக் கம்ப எண் போன்ற அடையாளம் கட்டாயம். மாதிரி இதோ:

"மதிப்பிற்குரிய மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் தெருவில் மூன்றாவது கம்பம் முதல் ஏழாவது கம்பம் வரை தெருவிளக்கு எரியவில்லை. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும் வேலை முடிந்து திரும்பும் பெண்களும் இருட்டில் நடக்க வேண்டியிருக்கிறது. 1913-இல் பதிவு செய்த புகார் எண்ணும் படங்களும் இணைப்பில் உள்ளன. விளக்குகளைச் சரிசெய்ய ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, செயலாளர்."

நகலை உதவிப் பொறியாளருக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். "அராஜகம்", "மெத்தனம்" போன்ற வார்த்தைகள் வேண்டாம். இந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கவுன்சிலர், பல வார்டுகள் சேர்ந்த மண்டலத்தின் குழுக் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கும்.

காலமும் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். புதிய வடிகால் வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நின்ற படங்களை எடுத்து வைத்து, டிசம்பர், ஜனவரியிலேயே மனு கொடுங்கள். இருக்கும் வடிகாலைத் தூர்வார வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டில் கேளுங்கள். அக்டோபரில் போய்க் கேட்டால், கொடுக்க நினைப்பவராலும் கொடுக்க முடியாது.

பூங்கா மேம்பாடு போன்ற வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர, மீதியை அரசு தரும். நாலைந்து சங்கங்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு வீட்டுக்கு வரும் பங்கு தாங்கக்கூடியதாக இருக்கும்.

6. தெருவையே சேர்த்துக்கொள்ளுங்கள்

இருபது வீட்டுக்காகப் பேசும்போது கிடைக்காத கவனம் தெரு முழுவதற்காகப் பேசும்போது கிடைக்கும். எண்ணிக்கை கூடுவது மட்டும் காரணமல்ல. தனி வீட்டுக்காரர்கள், எதிரே இருக்கும் குடிசைப் பகுதி, முனையில் இஸ்திரி போடுபவர், இவர்கள் எல்லாருக்கும் பொதுவான கோரிக்கைக்கு நியாயம் அதிகம். உங்கள் வாசலில் தேங்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு அடுத்த சந்தில் நிறுத்தும் தீர்வைக் கேட்காதீர்கள். ஓ.எம்.ஆர். பகுதியில் குடியிருப்போர் சங்கங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஒரே தெருவின் மூன்று சங்கங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலே போதும்.

பகுதி சபா கூட்டங்களுக்கும் போங்கள். கிராம சபை போல நகரத்துக்கும் இந்த ஏற்பாடு வந்து, 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், மாநிலம் முழுவதும் நடந்தது. அங்கே சொல்லும் கோரிக்கை பதிவேட்டில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

7. கோடு எங்கே?

கட்சி நிகழ்ச்சிக்கோ பேனருக்கோ நன்கொடை கேட்டு ஆட்கள் வரலாம். சங்கப் பணம் எல்லாருடையது, எந்தக் கட்சிக்கும் போகக்கூடாது. "பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் பத்து ரூபாய்கூட எடுக்க முடியாதுங்க, விதி அப்படி" என்று சிரித்த முகமாகச் சொல்லுங்கள். அதற்கேற்ற விதியை முன்பே நிறைவேற்றி வைத்திருந்தால் செயலாளருக்குச் சங்கடம் இருக்காது.

தேர்தல் நேரத்தில் வாசலுக்கு வரும் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். தோற்றவரிடமும் பிறகு மரியாதையாகப் பழகுங்கள், அடுத்த முறை அவரே வரலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கட்டடத்தில் விதிமீறல் இருந்தால் அதை மறைக்கக் கவுன்சிலரின் உதவியைக் கேட்கவே கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டுவிட்டால், அதன் பிறகு தெருவுக்காக நிமிர்ந்து பேச முடியாது.

8. வேலை நடந்த பிறகும், நடக்காத போதும்

விளக்கு எரிந்தால் அன்றே படம் எடுத்து நன்றி அனுப்புங்கள். கம்பத்தில் ஏறிய ஊழியரையும் பொறியாளரையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அதற்கு மேல் கவுன்சிலரின் வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்ப வேண்டாம். மாதம் ஒரு செய்தி போதும், நிலுவையில் இருப்பது எது, முடிந்தது எது என்று.

நடக்கவில்லை என்றால் இரண்டு வாரத்தில் ஒரு நினைவூட்டல், பிறகு நேரில் ஒருமுறை, அப்புறம் மண்டல அலுவலகம். அதற்கும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். போடுவதற்கு முன் கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்தால் அவருக்கும் பேச வசதி.

எல்லா மனு நகல்களும், சந்தித்த தேதிகளும், அவர் சொன்ன பதில்களும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். சங்க நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்தோடு அந்த ஃபைலையும் கைமாற்றி, புதுச் செயலாளரைக் கவுன்சிலர் அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள்.